எபநேசர் சித்தப்பாவின் இருமல் துணி

இந்தக் கதையின் முடிவில் ஒருவருடைய முகம் போகிற போக்கைப் பார்த்து நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிறீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே வாயைத் திறக்கக் கூடாது. சிரிப்பைப் புளிப்பு மிட்டாய் மாதிரி ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், கரையவிடாதீர்கள், ஏனென்றால் முதலில் காயங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆவரங்குளத்தில் தாலுகா ஆபீஸ் ரோட்டில் ‘தவமணி ஆபீஸ் ஆட்டோமேஷன்’ என்று ஒரு கடை. ஊரில் எந்த ஆபீசில் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணினாலும் அங்கிருந்துதான் ஆள் போகவேண்டும். ஆள் என்றால் இரண்டே பேர், என் அப்பாவின் தம்பி எபநேசர் சித்தப்பாவும் அவருக்குத் துணையாக காஜா அண்ணனும். கடைக்கு வருகிற போனை எடுக்க நான், பெனிட்டா. ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் வீடு தாங்காது என்று அம்மா கொண்டுவந்து உட்கார வைத்தாள். யார் போன் பண்ணினாலும் அவர் குரலிலேயே பதில் சொல்வது என் பழக்கம். பேங்க் மேனேஜர் ஒருமுறை தான் தன்னோடேயே பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து, தனக்கே வணக்கம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

காயம் என்றால் ஆபீசில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்க்கிற அளவுக்குக் காயம் இல்லை. காகிதத்தில் மையைச் சுட்டு ஒட்டவைக்கிற உருளை ஒன்று மெஷினின் வயிற்றுக்குள் இருக்கிறது, அது காஜா அண்ணனின் மணிக்கட்டு இரண்டிலும் வளைகாப்புக்குப் போடுகிற மாதிரி வரிசை வரிசையாக வளையல் சுட்டு வைத்திருந்தது; பேப்பரை இழுக்கிற ரோலர் சித்தப்பாவின் சுண்டுவிரல் நகத்தையும் இழுத்துக்கொண்டு இன்றுவரை திருப்பித் தரவில்லை; ஒரு மெஷினை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போன அன்று அவர் இடுப்பில் டொக்கென்று கேட்ட சத்தத்துக்கு அந்த ஆபீஸ்காரர்கள் கதவைத் திறந்து யாரோ தட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். இதையெல்லாம் யாரும் காயம் என்று சொல்வதில்லை, ‘லேசாப் பட்டுட்டு’ என்பார்கள், அதோடு முடிந்தது.

இது போக டோனர். காப்பி மெஷினுக்குள் இருக்கிற கறுப்புப் பொடி, பூசுகிற பவுடரைவிட நைஸ், மூடியைத் திறந்தால் புகை மாதிரி எழும்பும். அதை உறிஞ்சி எடுக்க ஒரு வேக்குவம் மெஷின் கடையில் இருக்கத்தான் செய்தது. முதலாளி தவமணி அண்ணாச்சி ஆயுத பூஜை தோறும் அதன் அட்டைப்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பெட்டியைப் பிரிக்காமலேயே சூடம் காட்டி, மறுபடியும் அலமாரிமேல் ஏற்றிவிடுவார். எடுத்தால் தேய்ந்துவிடும்.

“நான் என்ன சொல்றேன்னா,” என்பார் அண்ணாச்சி, எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார், “ஆண்டவன் வாயி எதுக்குக் குடுத்திருக்கான்? ஊது. ஊதி முடிச்சதும் ஒரு பழத்தத் தின்னு. பழம் வழுக்கிட்டுப் போறப்ப பொடியையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும். என்ன நான் சொல்றது?”

கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிற வாழைத்தார்தான் எங்கள் கடையின் மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும். சித்தப்பா ஊதினார், பழம் தின்றார், ஊதினார், பழம் தின்றார், இப்படியே தலையில் நரை வந்தது, அந்த நரையிலும் டோனர் படிந்து மறுபடி கறுப்பானது.

இன்னும் சிரிக்கக் கூடாது.

ஒருநாள் காலை தாலுகா ஆபீஸ் மெஷினைத் திறந்து ஊதிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார், எடுத்துப் பார்த்தால் கைக்குட்டையில் செக்கடித் தெரு சுடலைமுத்துவின் பட்டா இருந்தது, சர்வே நம்பரோடு, நான்கு எல்லையோடு, கீழே தாசில்தார் கையெழுத்தோடு. ஹெட் கிளார்க் கோமதிநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது கரையான் அரிச்ச ஃபைல்ல போனதுல்லா? சீல் சரியா இருக்கு,” என்றார். பிறகு, “எபா, இன்னொரு காப்பி இருமித் தர முடியுமா? ஆபீஸ்ல ஒண்ணு இருக்கட்டும்.”

ஊரில் அவர் ஊதிய ஒவ்வொரு மெஷினும் தன் வாழ்நாளில் எதையெல்லாம் காப்பி எடுத்ததோ அதெல்லாம் பொடியோடு சித்தப்பாவின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது, போனது இப்போது திரும்பி வருகிறது, இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று ஊர் கேட்டது. கேட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றது. வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு காகிதம் தொலையாமலா இருக்கும், வெள்ளத்தில் போனது, எலி தின்றது, அண்ணன்காரன் ஒளித்து வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சாதிப்பது, எல்லாம் இருந்தது. வேண்டிய காகிதம் யாருடையதோ அவர் பெயரை, தகப்பன் பெயரோடும் தெருப் பெயரோடும், சித்தப்பாவின் முதுகில் வாய் வைத்துச் சொல்லவேண்டும், அவர் இருமுவார், காகிதம் துணியில் வரும். பிறப்புச் சான்றிதழுக்குக் கைக்குட்டை போதும், பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குத் துண்டு வேண்டும், நாலு தலைமுறை வில்லங்கம் என்றால் அரை வேட்டி இல்லாமல் காணாது. வந்த துணியை உதறினால் எழுத்தெல்லாம் பொடியாக உதிர்ந்துவிடும் என்பதால் கடை வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரி பாக்கியம் அக்கா அதைச் சுடச்சுடத் தேய்த்துக் கொடுத்தாள், சூடு பட்டதும் எழுத்து பிடித்துக்கொண்டது. ஜவுளிக்கடையில் ‘இருமல் துணி’ என்று கேட்டால் வெள்ளை மல்லைக் கிழித்துக் கொடுத்தார்கள். பேங்கில் ‘இருமல் துணியை மடிக்காமல் கொண்டுவரவும்’ என்று எழுதி ஒட்டினார்கள். துணியில் ஸ்டாம்பு ஒட்டாது என்று கண்டு நோட்டரி வக்கீல் மேஜைமேல் ஊசி நூல் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் பாஸ்டர் இதைப் பிரசங்கத்தில் சேர்ப்பதா கண்டிப்பதா என்று முடிவுக்கு வராமல், தன் ஞானஸ்நானச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். எம்.காம். என்று சொல்லி நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளையின் பெயரைப் பெண்வீட்டார் முதுகில் சொன்னபோது பத்தாம் வகுப்பு மூன்றாவது தடவை எழுதிய மார்க் ஷீட் வந்தது. கல்யாணம் நிற்கவில்லை, பந்தியில் ஒரு பாயசம் குறைந்தது.

தவமணி அண்ணாச்சி கடையை இரண்டாக மறித்துப் பச்சைத் திரை கட்டினார். திரைக்கு உள்ளே சித்தப்பாவும் கடையின் பழைய காப்பி மெஷினும். வெளியே மேஜை போட்டு அண்ணாச்சி. ‘உண்மை நகல்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டு, வெளியே வருகிற துணி ஒவ்வொன்றிலும் ஹா என்று அதன்மேல் ஊதிக் குத்தி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். முதல் ஓரிரு நாள் படித்துப் பார்த்தார். பிறகு படிக்க நேரமில்லை, ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் அவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். திரைக்குள் மட்டும் வரமாட்டார். அவர் வேட்டி சட்டையில் ஒரு பொட்டுக் கறுப்பு பட்டாலும் வீட்டில் அவர் சம்சாரம் சோற்றுப் பானையை மூடிவிடுவாள்.

ஊருக்கெல்லாம் காகிதம் வந்தது. சித்தப்பாவுக்கு மூச்சு வரவில்லை. பேசும்போது நடுவில் நிறுத்தி, மூச்சு வந்து சேருகிறவரை காத்திருந்து, மிச்சத்தைச் சொன்னார். படியேறினால் உட்கார்ந்தார், உட்கார்ந்தால் படுத்தார், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார். நானும் காஜா அண்ணனும் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். டாக்டர் மெஹருன்னிசா எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பேனாவால் சுட்டிக்காட்டி வாசித்தார்.

“இடது பக்கம் பூரா சிட்டா அடங்கல். வலது பக்கம் மேல சாதிச் சான்றிதழ், கீழ ரேஷன் கார்டு. இந்த ஓரத்துல மங்கலாத் தெரியுறது ஏதோ டெண்டர். மூச்சுக்குன்னு உங்களுக்கு மிஞ்சியிருக்கறது இவ்வளவுதான் எபநேசர்,” என்று பேனாவின் மூடியைத் தூக்கிக் காட்டினார். “இனி ஒரு சிட்டிகை பொடி உள்ள போகக் கூடாது. தொழிலாளர் ஆஸ்பத்திரியில படுத்து நெஞ்சைக் கழுவணும். வேலையில வந்த பாதிப்புன்னு உங்க முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், உடனே சேத்துக்குவாங்க.”

“போடலைன்னா?” என்றேன்.

டாக்டர் எக்ஸ்ரே விளக்கை அணைத்தார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “நான் என்ன சொல்றேன்னா, பாதிப்புன்னு என்னத்துக்கு அபசகுனமாச் சொல்லுதே? இது வரம்லா எபா! வரத்தைப் போயி எவனாவது ஆஸ்பத்திரியில குடுத்துக் கழுவுவானா?”

“மூச்சு… முட்டுது அண்ணாச்சி.”

“பழம் எடுத்துக்க. ரெண்டா எடுத்துக்க. நாளைக்கு அந்தக் கூட்டுறவு சொசைட்டி மெஷினைப் போயி ஊதிட்டு வந்துரு, அங்கத்த ஜனங்க ஒண்ணும் கிடைக்கலன்னு சலிச்சுக்கிடுது. என்ன நான் சொல்றது?”

சித்தப்பா போய் ஊதிவிட்டு வந்தார். மாட்டேன் என்று சொல்லவும் மூச்சு வேண்டுமே.

மறுநாள் வரிசையில் ரிட்டயர்டு கண்டக்டர் பேச்சிமுத்து நின்றார். அவருடைய பென்ஷன் ஆர்டர் துணியில் தெளிவாக வந்தது, கீழே வட்டமாகச் சிவப்பாக ஒரு முத்திரையும் இருந்தது. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “கலர்ல வர ஆரம்பிச்சிட்டு வே!” என்று ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். பேச்சிமுத்து துணியைப் பெருமையாகப் பாக்கியம் அக்காவிடம் நீட்டினார். அக்கா பெட்டியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். சிவப்பு பழுப்பானது. முகர்ந்து பார்த்தாள், பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், பிறகு என்னைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்தாள்.

“ஏட்டி, இது முத்திரை இல்லட்டி. ரத்தம்.”

அந்தத் துணியை அவள் வரிசையின் தலையிலிருந்து வால்வரை கொண்டுபோய் ஒவ்வொருவர் முகத்துக்கும் முன்னால் பிடித்தாள். அண்ணாச்சி உள்ளே அடுத்த துணியில் ஸ்டாம்பு குத்துவதில் மும்முரமாக இருந்தார். பார்த்தவர்கள் அவரவர் கையில் தயாராக வைத்திருந்த வெள்ளைத் துணியைக் குனிந்து பார்த்தார்கள். கோமதிநாயகம் தன்னுடையதைச் சுருட்டிப் பைக்குள் ஒளித்தார். பேச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய குரலில், ஆனால் மெதுவாக, “எல்லாரும் இறங்குங்க, இந்த வண்டி இனிமே ஓடாது,” என்றார்.

“இறங்கிட்டா கையெழுத்து யாரு போடுவா?” என்றேன் நான். “யாரும் இறங்க வேண்டாம். ஏறி உக்காருங்க.”

இப்போது வேண்டுமானால் கன்னத்தில் இருப்பதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

பாக்கியம் அக்கா கைக்குட்டைகளைக் கஞ்சியில் முக்கி, காயவைத்து, அப்பளம் மாதிரி விறைப்பாகத் தேய்த்தாள். அப்படித் தேய்த்த துணியைக் காப்பி மெஷினின் பக்கவாட்டுத் தட்டில் வைத்தால் அது காகிதம் என்று நினைத்து இழுத்துக்கொள்ளும் என்பது காஜா அண்ணனுக்குத் தெரியும். வரிசையில் நிற்கிறவர்கள் தொலையாத காகிதங்களை, வீட்டில் பத்திரமாக இருப்பவற்றை, மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவின் இருமல் எனக்கு அத்துப்படி: முதலில் ஈரத்தில் நனைந்த பைக்கை உதைக்கிற மாதிரி இழுத்து இழுத்து, பிறகு தகரக் கூரையில் தேங்காய் விழுகிற மாதிரி ஒன்று, கடைசியில் “அப்பாடா, ஏசுவே.” மெஷின் ஓடுகிற சத்தத்தை அந்தத் தேங்காய் மறைத்துவிடும்.

சர்க்கார் கடிதத்துக்கும் ஒரு குரல் உண்டு, அது எனக்கு நன்றாக வரும். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நான் யாதெனில், என் நிறுவனத்தில் பழுது பார்க்கும் எபநேசர் என்பவரது நெஞ்சில் ஏற்பட்டுள்ள பாதிப்பு மேற்படி வேலையில் ஏற்பட்டதே என்றும், பூரண குணமடையும் வரை விடுப்பு அளிக்கச் சம்மதம் என்றும் இதனால் உறுதியளிக்கிறேன்’ என்று எழுதி, கடைப் போனோடு திரைக்குள் போய் உட்கார்ந்து, கஞ்சித் துணியில் ஏற்றி, தேங்காயை விழவைத்து, பேச்சிமுத்துவின் கையில் கொடுத்தேன். அவர் வெளியே போய் அண்ணாச்சியின் முன்னால் தேம்பினார்.

“அய்யா! என் அம்மா பேருல இருந்த மனையோட பத்திரம்யா! கண்ணுல பாக்க மாட்டோம்னு இருந்தேன்யா!”

“அழாதீரும் வே, அதுக்குத்தானே நான் இருக்கேன்,” என்றார் அண்ணாச்சி. ஹா என்று ஸ்டாம்பின்மேல் ஊதினார், குத்தினார், கீழே தன் முழுப் பெயரையும் தேதியையும் சுழித்துச் சுழித்து எழுதினார். பாக்கியம் அக்கா அதைச் சுடச்சுடத் தேய்த்துக் கொடுத்தாள். காஜா அண்ணன், பின்வாசலில் சாய்ந்து கிடந்த சித்தப்பாவிடம் ‘அண்ணாச்சியே மனசிரங்கிக் கையெழுத்துப் போட்டுட்டாரு’ என்று சொல்லி, அவரை அப்படியே நடத்திக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றி, துணியை மடிக்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கூடவே போனார்.

ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்து நெஞ்சைக் கழுவி முடிக்கிறவரை அண்ணாச்சி ஆள் அனுப்பித் திருப்பி இழுத்துவிடக் கூடாதே, அதனால் நான் தொடர்ந்து இருமினேன். ஊர் தொடர்ந்து நடித்தது. நடிப்பு என்றால் சாதாரண நடிப்பில்லை. பையில் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு மார்க் ஷீட் கிடைத்துவிட்டதென்று ஒருவன் ரோட்டில் உருண்டான். நோட்டரி வக்கீல் தன் சொந்தக் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய் இப்போதுதான் முகூர்த்தம் முடிந்த மாதிரி வெட்கப்பட்டார். பாஸ்டர்கூட வந்தார், பொய் சொல்ல மாட்டேன் என்று ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் வானத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“எபா, சாப்பிட்டியா?” என்பார் அண்ணாச்சி திரைக்கு வெளியிலிருந்து.

“ஆச்சு… அண்ணாச்சி,” என்பேன், சரியான இடத்தில் நிறுத்தி, சரியான அளவு மூச்சு வாங்கி. “அந்த வேக்குவம் மெஷினை… இறக்கிக் குடுத்தா… காஜா வந்ததும் அத வச்சு… வேலை செய்வான். வாயால ஊதுறவன் பக்கத்துல இருந்தா… எனக்கு இருமல் சரியா வர மாட்டேங்கு.”

அண்ணாச்சி ஸ்டூல் போட்டு ஏறினார். பல வருஷத்துச் சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர, பெட்டியைப் பிரித்து, பிறந்த குழந்தையை எடுக்கிற மாதிரி வேக்குவத்தை எடுத்துத் திரையின் அடிவழியாக உள்ளே தள்ளிவிட்டார். அன்று முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம், வரிசை நீளமாக நிற்கிறது, நான் உள்ளே கோமதிநாயகத்தின் வீட்டு வரி ரசீதுக்காக உதைத்துக்கொண்டிருக்கிறேன், பைக் கிளம்புகிற நேரம், வெளியே அண்ணாச்சியின் செல்போன் அடித்தது. கையெல்லாம் ஸ்டாம்பு மை, அதனால் சுண்டுவிரலால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

“அண்ணாச்சி, நான் எபநேசர் பேசுதேன், சௌக்கியமா இருக்கீங்களா, இங்க எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு, நேத்து ரெண்டு மாடி நானே ஏறி இறங்கிட்டேன்னா பாத்துக்கிடுங்க!”

இத்தனையும் ஒரே மூச்சில். நடுவில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. திரைக்கு உள்ளே இருமலைப் பாதியில் விட்டால் சந்தேகம் வரும் என்று நான் தேங்காயை விழவைத்தேன்.

“சொல்லு எபா,” என்றார் அண்ணாச்சி, இன்னொரு துணியில் ஸ்டாம்பைக் குத்திக்கொண்டே. “ஒண்ணும் கேக்கல, லைன்ல இரு. உள்ள நீ இருமிட்டு இருக்கே.” பிறகு திரையைப் பார்த்துத் திரும்பி, “எபா, கொஞ்சம் மெதுவா இருமு, நீ போன்ல பேசுதே,” என்றார்.

“சரி… அண்ணாச்சி,” என்றேன்.

“என்ன அண்ணாச்சி?” என்றது போன்.

“உன்கிட்ட இல்லப்பா, உன்கிட்ட.”

வரிசை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பாக்கியம் அக்கா முந்தானையை வாய்க்குள் திணித்தாள். ஊர்க் காகிதத்தையெல்லாம் இருமுகிற மனுஷன் இரண்டு இடத்தில் இருப்பதில் அண்ணாச்சிக்கு ஒரு குறையும் தெரியவில்லை, இன்னும் ஒரு துணிக்குக் கையெழுத்துப் போட்டார், அடுத்த துணிக்காகக் கையை நீட்டினார்.

“நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த துணியைப் பெரிய டாக்டர் எல்லாருக்கும் காட்டுதாரு அண்ணாச்சி,” என்றது போன். “தொழிலாளிக்கு ஒண்ணுன்னா இப்படில்லா முதலாளி எழுதிக் குடுக்கணும்னு சொல்லுதாரு. உங்களை நான் என்னமோன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

அண்ணாச்சி போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். எழுந்து, வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல், அத்தனை நாளில் முதல் தடவையாகத் திரையிடம் வந்து இழுத்தார். உள்ளே நான் இருந்தேன். பக்கத்தில் மெஷின் ஹெட் கிளார்க்கின் வீட்டு வரி ரசீதை, கஞ்சி மொடமொடக்க, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார், மேஜைமேல் அன்றைக்குக் கையெழுத்தாகிக் கிடந்த குவியலைப் பார்த்தார், வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் தலையிலிருந்து வால்வரை பார்த்தார், முகம் வெளுத்து, சிவந்து, மறுபடியும் வெளுத்தது.

“ஏ புள்ள,” என்றார், குரலே வெளியே வராமல். “அப்ப இந்த ஒரு வாரமா நான் வேற எதுலயெல்லாம் கையெழுத்துப் போட்டேன்?”

வரிசை முழுவதும் அவரவர் துணியை நிதானமாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டது.